தூளியிலிருந்து தியேட்டருக்கு

மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976-இல். ரோடும் ஆஸ்பத்திரியும் அதற்குப் பிறகுதான் மெல்ல மேலே ஏறின. கிராம சுகாதார செவிலியராக நான் அங்கே போனபோது மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பலருக்குப் பிரசவம் வீட்டில்தான். ஊர்க் கிழவி ஒருத்தி பார்ப்பாள். பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சு விழாமல் ரத்தம் போனாலோ, தூளி கட்டித் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவார்கள். கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்து ஆபரேஷன் நடந்தால் பிழைப்பாள். வழியிலேயே போனவர்களும் உண்டு. அதனால், சிசேரியன் என்றாலே திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

பிறகு எல்லாம் மாறியது. 24 மணி நேரமும் நர்ஸ் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. 2008-இல் 108 வண்டி. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ஆனது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம். இதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. 2005–06-இல் 20 சதவீதமாக இருந்த சிசேரியன், பத்தாண்டில் 34 ஆகி, 2019–21-இல் 45-ஐத் தொட்டுவிட்டது. இந்தியா முழுவதும் சேர்த்தால் 21.5தான். 10–15 சதவீதத்துக்கு மேல் போக நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 1985-இல்!

காசுக்காகக் கிழிக்கிறார்கள் என்பார்கள். தனியாரில் 64 சதவீதம் என்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அரசு ஆஸ்பத்திரியிலும் 36 ஆயிற்றே, அங்கே யாருக்கு என்ன காசு? நான் பார்த்த காரணங்கள் வேறு. ரத்த அழுத்தம், சர்க்கரையோடு வரும் பெண்கள் அதிகமானார்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் கீழே அனுப்பிவிடுவோம். ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தானே. ஜாதகம் பார்த்து நேரம் குறித்து வருகிறவர்களும் உண்டு. “எம் பொண்ணு வலி தாங்க மாட்டா சிஸ்டர், ஆபரேஷன் பண்ணி எடுத்துடச் சொல்லுங்க. அப்பிடியே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடட்டும்” என்று கையைப் பிடித்துக்கொண்ட தாய்மார் எத்தனை பேர்!

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் முதல் ஆபரேஷன். பழைய தையல் விட்டுப்போகலாம் என்பதால், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு விட்டால் இரவெல்லாம் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும், தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்க வேண்டும். அத்தனை தொல்லை எதற்கு என்று மறுபடியும் கிழித்துவிடுகிறார்கள். ஆகவே முதல் பிரசவத்தில் தேவையில்லாமல் போடும் ஒரு தையல், அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆபரேஷன்.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. டாக்டர் இல்லை என்ற பழைய பேச்சு இனி இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போகிறவர்களே, ஆபரேஷன் என்றதும் “எதனால டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காரணம் சொன்னால் உடனே கையெழுத்துப் போடுங்கள். நல்ல நேரத்தை மட்டும் நீங்கள் கொண்டு போகாதீர்கள்.