முஷாயிராவும் கவியரங்கமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய தோல் தொழில் ஊர்களில் முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கு பழைய வழக்கம். தோல் வணிகக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் தமிழும் பள்ளியில் உருதுமாகப் பழகியதால், உருது முஷாயிரா, தமிழ்க் கவியரங்கம் என்ற இரண்டு மேடை மரபுகளும் இங்கே அடுத்தடுத்து வளர்ந்தன.

இரண்டையும் ஒப்பிட ஒரு கேள்வி உதவும்: கவிதையில் பேசுவது யார்? சங்க அகப்பாடலில் புலவர் பேசுவதில்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலி போன்றோரே பேசுவார்கள். யார் எப்போது பேசலாம் என்பதைத் தொல்காப்பியமே வகுத்துவிட்டது. முஷாயிராவில் ஒலிக்கும் உருதுக் காதல் கவிதையான கஸலில் கடைசி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரைச் சொல்லித் தம்மையே விளிப்பதுண்டு. அதற்காக, அதுவரை உருகிய காதலரும் அவரேதான் என்று கொள்ள வேண்டியதில்லை. முஷாயிராவில் ஈரடியின் முதல் அடியைச் சொல்லிக் கவிஞர் நிறுத்துவார். அவை திரும்பக் கேட்கும். இரண்டாம் அடியில்தான் முடிச்சு அவிழும். சிலர் இராகத்தோடு பாடுவார்கள், சிலர் பேச்சாகவே சொல்வார்கள்.

20ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கவியரங்கம் மேடைப்பேச்சுக்கு நெருங்கிய உறவு. தலைவரையும் அவையையும் விளித்து, கவிஞர் தம் குரலிலேயே பேசுவார். கைதட்டலுக்காக அடுக்கிய வரிகளும் அதில் ஏராளம்.

1919இல் தொடங்கிய வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) இரு மரபையும் அறிந்தவர். கவியரங்குகளில் பெயர்பெற்ற அவர், 'மின்மினிகளால் ஒரு கடிதம்' நூலில் தமிழில் கஸல் எழுதினார். அவருடைய கவியரங்கக் கவிதை கேட்டவுடன் பிடிபடும். 1974இல் வந்த 'பால்வீதி'யின் படிமங்களோ தனியே உட்கார்ந்து மெல்லப் படிக்க வேண்டியவை. அங்கே பேசுபவர் மேடைக் கவிக்கோ அல்லர்.