பதக்கமும் பொலிசும்: நேற்றாலில் டார்ட்னெல்

போர்ப்பதக்கம் படைவீரனுக்கு உரியது, பொலிஸ்காரனுக்கு உரியதன்று என்பது பொதுவான எண்ணம். குடியேற்ற நாடுகளில் இவ்வேறுபாடு நிலைக்கவில்லை. தென்னாபிரிக்காவின் நேற்றாலிற் பொலிஸ் படையை நிறுவிய ஜோன் டார்ட்னெலின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1838இல் கனடாவிற் பிறந்த டார்ட்னெல், பிரித்தானியப் படையில் அதிகாரியாகி, 1858இல் ஜான்சிக் கோட்டைத் தாக்குதலிற் படுகாயமுற்றார். பின்னர் நேற்றாலிற் குடியேறினார். அங்கு 1873இல் குலூபி மக்களின் தலைவர் லங்கலிபலேலே, துப்பாக்கிகளைப் பதிவுசெய்யும் ஆணையை ஏற்காது மலை கடந்து சென்றமை வெள்ளையரை அச்சுறுத்தியது. அவ்வச்சத்தின் விளைவாக 1874இல் நேற்றால் குதிரைப் பொலிஸ் தோன்றியது. எனவே அப்படை குற்றந் தடுப்பதற்கன்றி, ஆட்சியைக் காப்பதற்கே முதன்மையாக அமைந்தது எனலாம்.

1879 ஜனவரியிற் பிரித்தானியர் சூலு நாட்டின்மீது படையெடுத்தனர். 21ஆம் நாள் வேவு பார்க்கச் சென்ற டார்ட்னெல், சூலுப் படையினரைக் கண்டு உதவி கோரினார். மறுநாள் விடியுமுன் தளபதி செம்ஸ்போர்ட் பிரபு ஏறக்குறைய அரைப்பங்குப் படையுடன் புறப்பட்டார். அன்றே இசாண்ட்ல்வானாப் பாசறையைச் சூலுப் பெரும்படை அழித்தது. 1,300இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கு விடப்பட்ட பொலிசாரும் அவர்களுட் பலராவர். இவ்வழிவுக்கு டார்ட்னெலின் வேண்டுகோளையே காரணமாக்குதல் பொருந்தாது. படையைப் பிரித்த முடிவு தளபதியுடையது.

ஜூலை 4ஆம் நாள் உலுண்டியிற் சூலுப்படை தோற்றது. மன்னர் செற்சுவாயோ சிறைப்பட்டார். நாடு 13 கூறுகளாக்கப்பட்டது. வென்றோருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. அதன் ஒருபுறம் விக்டோரியா அரசியின் உருவும், மறுபுறம் குனிந்து நிற்கும் சிங்கமும் அதன் கீழ்ச் சூலுக் கேடயமும் ஈட்டிகளும் பொறிக்கப்பட்டன. எல்லை கடந்து போரிட்டோருக்கு ஆண்டு குறிக்கும் பட்டையும் சேர்ந்தது. விளிம்பிற் பெற்றவரின் பெயரும் படைப்பிரிவும் வெட்டப்பட்டன. படையினன் பெற்ற அதே பதக்கத்தையே பொலிஸ்காரனும் பெற்றமை ஈண்டு நோக்கற்பாலது.

1899இல் போயர் போர் மூண்டபோது டண்டியிலிருந்து லேடிசிமித்துக்குப் பின்வாங்கிய படைக்கு வழிகாட்டியவரும் டார்ட்னெலே.

பதக்கம் பெற்றவரின் பெயரைக் கூறும். தம் நிலங்காக்க வீழ்ந்த சூலு வீரரின் பெயரைக் கூறாது. ஏந்தியவனின் பெயரின்றி அக்கேடயம் மட்டும் வெள்ளியில் எஞ்சியது. அதனைப் படிப்போன் விளிம்பிலுள்ள பெயரோடு நின்றுவிடலாகாது.