சேன் பியேர் துறையில் ஒரு தமிழ்ச் சொல்

சிறு பாய்மரப் படகுகளில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, மேற்கிந்தியத் தீவுகளில் துறைதோறும் தங்கிச் செல்வோர் இன்று பலர். கேனரித் தீவுகளிலிருந்து வாணிபக் காற்றைத் துணையாகக் கொண்டு ஏறத்தாழ மூன்று வாரங்களில் அவர்கள் கரீபியக் கடலை அடைவர். சூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலமாதலின், அதன் பின்னரே அத்தீவுகளின் துறைகளில் பாய்மரங்கள் நிறைகின்றன. அவர்கள் நங்கூரமிடும் துறைகளுள் ஒன்று, பிரெஞ்சுத் தீவாகிய மார்த்தினிக்கிலுள்ள சேன் பியேர்.

அங்குக் கரையோரத்தில் கடலடித் தரை குறுகியது. சற்றே விலகினாலும் ஆழம் மிகுதி. ஆதலால் படகுகள் கரையை ஒட்டியே நிற்கின்றன. அக்குடாவின் அடியில் மூழ்கிய கப்பல்கள் கிடக்கின்றன. 1635இல் தோன்றி, பின்னாளில் மேற்கிந்தியத் தீவுகளின் பாரிசு எனப் புகழப்பெற்ற அந்நகரை, 1902 மே 8ஆம் நாள் காலையில் பெலே எரிமலையின் தீமேகம் சில நிமிடங்களில் அழித்தது. ஏறத்தாழ 28,000 மக்கள் மாண்டனர். துறையில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின.

கரையேறும் பயணிகள் இடிந்த நாடக அரங்கின் படிகளையும், சிப்பாரிஸ் என்னும் கைதியின் உயிரைக் காத்த கற்சிறையையும் தவறாமல் காண்கின்றனர். அவ்வளவில் படகுக்குத் திரும்புவோர் எரிமலையின் வரலாற்றை அறிந்தவராவர். மக்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் உணவுக்கடைக்குச் செல்லவேண்டும்.

அங்கு மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் ஆகியவை சேர்ந்த பொடியால் ஆட்டிறைச்சியும் கோழியும் சமைக்கப்படுகின்றன. அவ்வுணவின் பெயர் 'கொலொம்போ'. இலங்கைப் பெருநகரின் பெயர் என்று பயணி எண்ணக்கூடும். நம் 'குழம்பு' என்னும் சொல்லின் திரிபே அது என்று ஆய்வாளர் கருதுவர். விழா நாளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணியின் பெயரோ 'மதராஸ்'. துணி வணிகத்தின் வழியே முன்னரே சென்றது. குழம்பு மக்களோடு சென்றது.

அம்மக்கள் சென்றது எவ்வாறு? 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாயின. 1853 மே மாதம் 'ஒரேலி' என்னும் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்டோரை இதே சேன் பியேரில் இறக்கியது. அடுத்த முப்பதாண்டுகளில் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். இன்றைய பயணி நினைத்தபோது நங்கூரத்தைத் தூக்கிச் செல்கிறார். அன்று வந்தவருக்கோ ஐந்தாண்டு ஒப்பந்தமே நங்கூரமாயிற்று.

பெலே மலைக்கு வடக்கே, கவிஞர் எமே செசேர் 1913இல் பிறந்த பாஸ்பொயந்த் வட்டாரத்தில், அவர்களின் வழிவந்தோர் இன்றும் மாரியம்மனையும் மதுரைவீரனையும் வழிபடுகின்றனர். மதுரைவீரன் அங்கு 'மால்தேவிலென்' ஆகிவிட்டான். வழிபாட்டில் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கின்றன; பாடுவோர் பலருக்கும் அவற்றின் பொருள் தெரியாது. வீட்டிலும் வீதியிலும் அவர்கள் பேசுவது கிரியோலும் பிரெஞ்சுமே.

எழுத்து போயிற்று, பேச்சு போயிற்று. எஞ்சியவை அடுப்படியில் ஒரு சொல்லும், சன்னதியில் சில ஒலிகளுமே. பத்தாண்டுகளாகத் தமிழைப் பாடியும் ஆய்ந்தும் மகிழ்ந்த நம் மன்றத்தார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் ஏட்டில் காக்கும் மொழியை, எழுத்தறியாத கூலிப்பெண் ஒருத்தி மிளகாயும் மஞ்சளும் அரைத்த அம்மியில் காத்தாள். அவள் பெயரை எந்த ஏடும் நமக்குச் சொல்லவில்லை. அவள் வைத்த குழம்பின் பெயரை மட்டும், கரையேறும் அயலார் நாள்தோறும் கேட்டு வாங்கி உண்கின்றனர்.