ஈஷியின் வில்

ஏகலைவன் கதையை அறியாத மாணவர் நம்மிடையே இலர். காட்டு வேடன் மகனொருவன் நகரத்து ஆசானிடம் வில் பயில விரும்பியதும், அவ்வாசான் அவனது கட்டைவிரலைக் காணிக்கையாகப் பெற்றதும் நாம் சிறுவயதிலேயே கேட்டவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலே இக்கதை தலைகீழாக நிகழ்ந்தது. அங்கே காட்டு வேடரே ஆசான். நகரத்து வைத்தியரே மாணாக்கர். ஐக்கிய அமெரிக்காவின் மலைகளிலே இலையுதிர்காலந்தோறும் நண்பர் குழாங்கள் வில்லேந்தி மானையும் எல்க்கையும் தேடிச் செல்லும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அதன் வேர்களுள் தலையாயது அவ்விருவரின் தோழமையே எனலாம்.

எல்க் என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நுவரெலியா மலைகளிலே சாமுவேல் பேக்கர் முதலிய ஆங்கிலேயர் வேட்டைநாய்களைக் கொண்டு எல்க் வேட்டையாடினர் என அக்கால நூல்களிற் காண்கின்றோம். அவர்கள் அங்ஙனம் அழைத்தது நமது மரையையே. அமெரிக்கரின் எல்க் வேறு. அது மரையினும் பெரியது. செப்டெம்பர் மாதத்துக் கூடற் பருவத்திலே குழலூதுவதுபோலக் கூவுவது. பெயரொற்றுமை கண்டு மயங்குதல் வரலாற்று மாணவர்க்கு ஆகாது.

கலிபோர்ணியாவின் லாசன் மலையடிவாரத்திலே, மில் கிறீக், டியர் கிறீக் என்னும் ஓடைகளை அண்டிய பள்ளத்தாக்குகளில் யாகி என்னும் சிறு குலத்தார் வாழ்ந்தனர். அவர்கள் சில நூற்றுவரே. 1849ஆம் ஆண்டிற் பொன் தேடி வந்த கூட்டம் அவர்தம் நிலத்தையும் வேட்டைக்காடுகளையும் சூழ்ந்துகொண்டது. பசியால் யாகியர் மாடுகளைக் கவர்ந்தனர். குடியேறியவர் துப்பாக்கியோடு பழிவாங்கினர். 1865ஆம் ஆண்டிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் நிகழ்ந்த படுகொலைகளின் பின் எஞ்சிய ஒருசிலர் நாற்பதாண்டுகள் வரை ஒளிந்து வாழ்ந்தனர். புகையெழாது தீமூட்டினர், அடிச்சுவடு படாது கல்லின்மேல் நடந்தனர். வில்லோ ஓசை எழுப்பாதது. 1908ஆம் ஆண்டில் நில அளவையாளர் சிலர் அவர்களது மறைவிடத்தைத் தற்செயலாகக் கண்டு, அங்கிருந்த விற்களையும் கருவிகளையும் விநோதப் பொருள்களென எடுத்துச் சென்றனர். நடக்கவியலாத மூதாட்டி ஒருத்தி அப்போது ஆங்கே கிடந்தாள். அவள் மகனே நம் கட்டுரைத் தலைவர்.

1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி, ஓரோவில் நகரையடுத்த கால்நடை வெட்டுமிடத்தில், பசியால் மெலிந்து நின்ற அம்மனிதரைக் கண்டனர். அவர் மொழி எவர்க்கும் விளங்கவில்லை. காவலர் அவரைச் சிறையில் வைத்தனர். செய்தியறிந்து வந்த மானிடவியலாளர் வாற்றர்மன் என்பார், யானா மொழிச் சொற்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனார். பைன் மரத்தைக் குறிக்குஞ் சொல்லை உச்சரித்துக் கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டியபோது, அம்மனிதரின் முகம் மலர்ந்தது. தம் பெயரைத் தாமே சொல்லுதல் யாகியர் மரபன்று. ஆதலின் பேராசிரியர் குரோபர் அவரை ஈஷி என அழைத்தார். அம்மொழியில் அது மனிதன் எனப் பொருள்படும்.

சன்பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அரும்பொருட்சாலையே ஈஷிக்கு வீடாயிற்று. மாதம் இருபத்தைந்து டொலர் சம்பளத்தில் அவர் அங்கே துப்புரவுப் பணியும் செய்தார். ஞாயிறுதோறும் வந்த மக்கள் முன் அம்புமுனை செதுக்கியுங் காட்டினார். அடுத்திருந்த வைத்தியக் கல்லூரியின் அறுவை வைத்தியர் சாக்ஸ்ரன் போப் என்பார் 1912ஆம் ஆண்டு முதல் அவர்க்கு வைத்தியராயினார். போப் சிறிது கண்கட்டு வித்தையும் அறிந்தவர். அவ்வித்தையைக் கண்ட பின்னரே ஈஷி அவரை மெய்யான வைத்தியரென மதித்தாராம்! நமது கிராமங்களிலும் இத்தகைய மதிப்பீடு இல்லாமலில்லை.

போப் வில் பயிலத் தொடங்கினார். ஈஷியின் வில் ஏறக்குறைய மூன்றரை அடி நீளம் உடையது. யூனிப்பர் மரத்தாற் செய்து, புறத்தே மானின் தசைநார் ஒட்டப்பெற்றது. வளைக்க நாற்பத்தைந்து இறாத்தல் அளவு வலு வேண்டுவது. நாணை ஈஷி கட்டைவிரலாலேயே இழுப்பார். ஏகலைவனை நினைந்து படிக்கும் எமக்கு இச்செய்தி நெஞ்சைத் தொடாதிராது. வில்லைத் தாண்டி நடத்தலாகாது. நிறுத்தி வைப்பின் அது வேர்த்துத் தளரும். ஆதலாற் படுக்கவைத்தல் வேண்டும் என்பன அவர் கற்பித்த ஒழுக்கங்கள்.

இலக்குப் பலகையின்மேல் எய்வதிற் சில மாதங்களிலேயே மாணாக்கர் ஆசானை விஞ்சினார். வேட்டையிலோ அங்ஙனமன்று. மான்வேட்டைக்கு முன்னாள் ஈஷி மீன் உண்ணார், புகை பிடியார். வைகறையில் ஓடையில் நீராடி, நறுமணத் தழைகளை உடம்பிற் பூசி, வெறுவயிற்றோடு புறப்படுவார். பாடஞ்செய்த மான்தலையைத் தம் தலைமேற் கவித்துப் புதரின் மேலே அசைத்து மானை அருகே வரச் செய்வார். விரல்களை உதட்டில் வைத்து உறிஞ்சி எழுப்பும் ஓசைக்கு முயல்கள் ஓடிவரும். தொலைவில் எய்வதன்று, அணுகி எய்வதே வேடனின் திறம் என்பது அவர் கொள்கை.

1914ஆம் ஆண்டின் வேனிலில் குரோபர், வாற்றர்மன், போப், போப்பின் மகன் ஆகியோர் ஈஷியுடன் டியர் கிறீக் மலைகளுக்குச் சென்றனர். முதலில் ஈஷி மறுத்தார். அவர்க்கு அது விடுமுறைப் பயணமன்று. சுற்றத்தாரின் ஆவிகள் உலவும் நிலம். எனினும் சென்றபின் நீந்தியும் பாடியும் வேட்டைத் தடங்களைக் காட்டியும் மகிழ்ந்தார். வில்வேட்டைக்காகத் தோழர்கள் மலையேறும் இன்றைய வழக்கத்தை நோக்கும்போதெல்லாம், அம்மலையில் ஒருவரன்றி ஏனையோர் அனைவரும் விருந்தினரே என்பது என் நினைவில் எழுகின்றது.

1916ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி ஈஷி காசநோயால் இறந்தார். உடலைக் கூறுபடுத்தலாகாதென நியூயோர்க்கிலிருந்து குரோபர் கடுமையாக எழுதினார். ஆனாற் கடிதம் வந்து சேருமுன் அது நடந்துவிட்டது. வில்லும் ஐந்து அம்புகளும் ஒரு கூடை ஏகோன் மாவும் உடன்வைத்து உடலைத் தகனஞ் செய்தனர். மூளையை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தனர். அதனை 1917ஆம் ஆண்டில் வாசிங்ரனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பியவர், கண்டித்தெழுதிய அதே குரோபரே. ஒரு மனிதரின் நண்பராயிருந்து கொண்டே அவரை ஆராய்ச்சிப் பொருளாகவும் கொள்ளுதல் கூடுமா என்னும் வினாவுக்கு விடை சொல்வது எளிதன்று. குரோபரின் செயலே அதற்குச் சான்று.

போப் வில்லைக் கைவிடவில்லை. ஆர்தர் யங், வில் கொம்ப்ரன் என்னும் தோழரோடு கலிபோர்ணிய மலைகளில் மானும் கரடியும் வேட்டையாடினார். ஆயின் அவர்கள் ஏந்தியது ஈஷியின் வில்லன்று. யூ மரத்தாலான ஆங்கில நெடுவில். ஆகவே கருவி ஆங்கிலேயருடையது. காற்றறிதல், மெல்லடி வைத்தல், அருகணைதல் ஆகிய கலை யாகியருடையது என்பது என் துணிபு. 1923ஆம் ஆண்டில் போப் வெளியிட்ட வில்வேட்டை நூல் ஈஷியின் கதையோடு தொடங்கிப் பலரை இத்துறைக்கு ஈர்த்தது. மூன்றாண்டுகளின் பின் அவர் காலமானார்.

விஸ்கொன்சின் மாநிலம் 1934ஆம் ஆண்டில் வில்லுக்கேயுரிய மான்வேட்டைப் பருவத்தை வகுத்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. 1937ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வேட்டைத் துப்பாக்கி மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கிற்று. 1972ஆம் ஆண்டில் வில்லும் அம்பும் அவ்வரி முறையுட் சேர்ந்தன. உருளைகள் பூட்டிய புதுவகை வில்லுக்கு 1969ஆம் ஆண்டில் ஹோலஸ் அலன் என்பார் காப்புரிமை பெற்றார். கருவி எவ்வாறாயினும், எல்க் வேட்டையில் ஒருவர் பின்னேயிருந்து கூவி அழைக்க மற்றவர் முன்னே மறைந்திருத்தலைக் காணின், முயலை அழைத்த யாகி விரல்கள் நினைவுக்கு வரும்.

1961ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ந்தன. போப், யங் ஆகியோரின் பெயரால் வில்வேட்டைச் சங்கமொன்று எழுந்தது. குரோபரின் மனைவி தியோடோரா எழுதிய ஈஷி வரலாறு வெளிவந்தது. சங்கத்தின் பெயரில் ஆசானின் பெயர் இல்லை. வரலாறோ அவரை யாகியருள் இறுதியானவர் என்றது. அவர் செதுக்கிய அம்புமுனைகள் அயற்குலத்தார் பாணியை ஒத்தன என்று பிற்கால ஆய்வாளர் ஒருவர் காட்டியதிலிருந்து, அவர் கலப்புக் குடியினராயிருத்தலுங் கூடும் என்னுங் கருத்து நிலவுகின்றது.

மூளை சிமித்சோனியன் களஞ்சியத்தில் இருப்பது 1999ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது. யானா வழித்தோன்றல்களைத் தம்முள் உடைய றெடிங் ரான்செறியா, பிற் றிவர் ஆகிய குடியினர் 2000ஆம் ஆண்டில் அதனைப் பெற்று, கோல்மா மயானத்திலிருந்த சாம்பரோடு சேர்த்து, மூதாதையர் நிலத்திலே அடக்கஞ் செய்தனர். அவ்விடத்தை அவர்கள் எவர்க்கும் சொல்லவில்லை.