ஆயா தைத்த நோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதியில சண்டே மார்க்கெட் சுத்திட்டிருந்தேன். பழைய புத்தகம் விரிச்சிருந்த இடத்துல ரெண்டு காலேஜ் பொண்ணுங்க கிழிஞ்ச அட்லஸ், யாரோ யாருக்கோ அனுப்பின பொங்கல் வாழ்த்து, அட்டை போன பிரெஞ்சுப் பாடப்புத்தகம்னு பொறுக்கிட்டிருந்தாங்க. எதுக்குன்னு கேட்டேன். "ஜங்க் ஜர்னல் பண்றோம்க்கா"ன்னாங்க. வீட்ல தூக்கிப்போடுற தாள், துணி, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை எல்லாத்தையும் சேர்த்துத் தைச்சு, அதுலயே எழுதுற நோட்டு.

எனக்கு உடனே எங்க ஆயா ஞாபகம்தான் வந்தது. பரீட்சை முடிஞ்சதும் எங்க நோட்டுகள்ல மிச்சமிருக்கிற வெள்ளைத் தாளை உருவி எடுப்பாங்க. கோணி ஊசியில நூல் கோத்து நடுவுல தைப்பாங்க. பழைய காலண்டர் அட்டைதான் மேலட்டை. பால் கணக்கு, சீட்டுப் பணம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், மழை எப்போ பெஞ்சதுன்னு எல்லாம் அதுல இருக்கும். ஆயா போனதுக்கு அப்புறம் வீட்டை வெள்ளையடிக்கும்போது, அந்த நோட்டுகளை நாங்கதான் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டோம். எத்தனை கிலோன்னு கூட யாரும் பார்க்கல.

அது எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்குப் புரிஞ்சது ஆனந்தரங்கப் பிள்ளையைப் படிச்ச பிறகுதான். பெரிய மார்க்கெட் பக்கத்துல ரங்கப்பிள்ளை வீதின்னு போறோமே, அவர்தான். 1709-ல் பிறந்தவர். பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியாக இருந்த வியாபாரி. 1736 செப்டம்பரில் ஒரு நாட்குறிப்பு தொடங்கி, இடையிடையே விட்டுப்போனாலும், 1761 வரைக்கும் தமிழில் எழுதினார்.

அதை ஒட்டு வேலை செய்த நோட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருக்கிற சரக்கைப் பாருங்க. எந்தக் கப்பல் வந்தது, துணி வியாபாரத்துல யார் ஏமாத்தினாங்க, யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தாங்க, ஜோசியம், ஊர்ப்பேச்சு, கவர்னரோட மனைவி மேல தீராத எரிச்சல். எதை விடணும், எதை வைக்கணும்னு வடிகட்டவே இல்லை மனுஷன். பொறுமையா படிக்கணும், சில பக்கம் சலிப்பாத்தான் இருக்கும். அந்தச் சலிப்புக்கு நடுவுலதான் 1748 செப்டம்பர் வரும். ஆங்கிலேயப் படை ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை, ஊர்க்காரர் ஒருத்தரோட கண்ணால நாம பார்க்கிறது இந்த நாட்குறிப்பில்தான்.

1761 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதம் 16-ம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயர்களிடம் சரணடைந்தது. கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் அவங்க இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. இன்னைக்கு நாம போட்டோ எடுக்கிற ஒயிட் டவுன் அதுக்கப்புறம் திரும்பக் கட்டினது. கல்லால் கட்டினது போச்சு, காகிதம் தப்பிச்சது.

அதுவும் மயிரிழையில் தப்பிச்சது. 85 வருஷம் கழிச்சு, 1846-ல்தான் கல்வா மோன்பிரோன் என்கிற புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்துப் பிரதி எடுக்க வைத்தார். அரியேல் என்ற அதிகாரி எடுக்க வைத்த இன்னொரு பிரதி பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அந்த 85 வருஷத்துல யாராவது ஒருத்தர் வீட்டை ஒழுங்குபடுத்தியிருந்தா? எங்க வீட்ல பண்ணின மாதிரி?

சரி, காகிதத்துக்கு வருவோம். பிள்ளை காலத்து ஐரோப்பியக் காகிதமே குப்பையில் இருந்து வந்ததுதான். மரக்கூழ்க் காகிதம் வந்தது 1840-களுக்குப் பிறகு. அதுவரைக்கும் கந்தல் துணிதான் மூலப்பொருள். நம்ம ஊர்ல அந்த முறையை இப்பவும் பார்க்கலாம். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-ல் தொடங்கினது, பட்டேல் சாலையில் இருக்கு. பருத்தித் துணிக் கழிவைச் சின்னதா வெட்டி, தண்ணியோட சேர்த்து மணிக்கணக்கா அரைச்சுக் கூழாக்குவாங்க. சல்லடை மாதிரி சட்டத்தால அந்தக் கூழைத் தாளா அள்ளி, துணி மேல கவுத்து, அழுத்தித் தண்ணியை எடுத்து, காய வைப்பாங்க. மரத்துல இருக்கிற லிக்னின் பருத்தியில இல்லைன்னே சொல்லலாம், அதனால இந்தத் தாள் சீக்கிரம் பழுப்பாகாது. செய்தித்தாள் ஒரு வருஷத்துல டீ கலர் ஆகிறதும் அதே லிக்னினால்தான்.

இது ஜங்க் ஜர்னல் பண்றவங்களுக்கு உபயோகமான விஷயம். செய்தித்தாள் துண்டு ஒட்டினா பக்கத்துத் தாளையும் அது பழுப்பாக்கும். நடுவுல நல்ல தாள் ஒண்ணு வைங்க. ஏடிஎம் சீட்டு, சூப்பர் மார்க்கெட் பில் எல்லாம் சூடு பட்டா எழுத்து தெரியிற தாள். நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு வருஷத்துல வெத்துத் தாளாயிடும். அதுல முக்கியமானது இருந்தா ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்க. மைதாப் பசை காய்ச்சினா கரப்பானுக்கு விருந்து. பைண்டிங் கடைக்காரங்க அதுல மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம், குழந்தைங்க இருக்கிற வீட்ல வேண்டாம். அப்புறம் ஓரத்துல தேதி எழுதுங்க. பொண்ணுங்க பண்ற அழகான ஜர்னல் பலதிலும் தேதியே இருக்காது. பிள்ளை அதை மட்டும் மறக்கவே மாட்டார்.

ஆயா நோட்டில் எங்களுக்கு மிஞ்சினது ஒரே ஒரு தாள், சாமி படத்துக்குப் பின்னாடி அட்டையாக் குடுத்திருந்தது. ஒரு பக்கம் என் அத்தையோட கணக்குப் பாடம், ரெண்டு தப்பு. மறுபக்கம் பென்சிலில்: "பால் பாக்கி 14. கொடி அறுந்துபோச்சு. மழை மூணாம் நாள்."