பட்டறையில் படித்தவர்கள்: ஆவடி முதல் கும்மிடிப்பூண்டி வரை

சென்னைக்கு மேற்கே பாடி, அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் என்று ஒரு தொழில் வரிசை. வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று இன்னொன்று. 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன் இந்த ஊர்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அம்பத்தூரும் திருவொற்றியூரும் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போயின. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கல்லூரி வாசலை மிதிக்காமலே சொந்த வீடு கட்டி, பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கிய ஒரு தலைமுறை இங்கேதான் உருவானது. ஆலைகள் வந்ததால் மட்டும் அது நடந்துவிடவில்லை. தொழிற்பயிற்சி, பழகுநர் காலம், நிரந்தர வேலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்று அறுந்தாலும் கையில் இருக்கும் சான்றிதழுக்குப் பாதி மதிப்புதான் என்பதை இந்த வட்டாரத்தின் பிற்கால வரலாறு காட்டுகிறது.

முதலில் வந்தவை வண்டித் தொழிற்சாலைகள். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் தொடங்கின. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் அதற்கு முன்பே இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை அடுத்தடுத்து எழுந்தன. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் வெளிவந்தது. காமராஜர் அமைச்சரவையில் தொழில் துறையைக் கவனித்த ஆர். வெங்கட்ராமன் காலத்தில் 1958-ல் கிண்டியிலும் 1964-ல் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் திறக்கப்பட்டன. பெரிய ஆலைக்கு வேண்டிய போல்ட்டு, புஷ், கியர் போன்றவற்றை ஜாப் ஒர்க்காகச் செய்து கொடுக்கும் சிறு லேத் பட்டறைகள் பேட்டைகளில் நிறைந்தன.

இத்தனை ஆலைகளுக்கும் ஆள் வேண்டும். பொறியாளரைக் கல்லூரி கொடுக்கும். டர்னரை யார் கொடுப்பது? இதற்கான விடை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. போர்த் தளவாடங்களுக்கு ஆள் போதாமல் பிரிட்டிஷ் அரசு 1940-ல் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. போர் முடிந்ததும், படையிலிருந்து திரும்பியவர்களுக்கு மறுவாழ்வு தர 1945-ல் தனி இயக்ககம் அமைந்தது. பிரிவினை அகதிகளும் அந்தப் பயிற்சியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் எழுந்தது, ஐ.டி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதிலிருந்து வந்தவை. 1956-ல் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களுக்கு மாறியது. நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு என்று வகுக்கத் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவும் அதே ஆண்டில் அமைந்தது. அம்பத்தூரில் பெற்ற ஃபிட்டர் சான்றிதழ் பிலாய் எஃகு ஆலையிலும் செல்லுபடியானது இதனால்தான்.

ஐ.டி.ஐ.யின் பலம் அதன் பட்டறையில் இருந்தது. ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த பையன் தொடக்க நாட்களில் வைஸில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டே இருப்பான். மட்டக்கோணத்தை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். அதன்பிறகே துளைபோடுதல், மரை வெட்டுதல், லேத். வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் கை பழகும்போது, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்பது புத்தகக் கணக்காக இல்லாமல் விரலுக்குத் தெரியும் அளவாக ஆகிவிடும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் பிரிவுகளுக்கு இரண்டு ஆண்டு, வெல்டருக்கு ஓராண்டு. கட்டணச் சுமை மிகக் குறைவு என்பதால் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகளும் சேர முடிந்தது. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு இது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் படிப்பாகவே இருந்தது. அந்தக் குறையைச் சொல்லாமல் இதன் பெருமையைப் பேச முடியாது.

அடுத்த படி அப்ரண்டிஸ். 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம், குறிப்பிட்ட தொழில்களில் ஆலைகள் பழகுநர்களை எடுத்து உதவித்தொகையோடு பயிற்றுவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஐ.டி.ஐ.யில் கற்ற பையன் ஆவடியிலோ எண்ணூரிலோ மூத்த தொழிலாளி ஒருவரின் பக்கத்தில் நின்று, ஷிப்ட், பாதுகாப்பு, ஓடும் இயந்திரத்தின் பழுது என்று பள்ளியில் கிடைக்காததைக் கற்றான். முடிவில் அகில இந்தியத் தேர்வு, தேசியப் பழகுநர் சான்றிதழ். இந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான இடைவெளி இருந்தது: பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர், பயிற்சி முடிந்தபின் அவரை வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. ஆலைகள் விரிந்துகொண்டிருந்த காலத்தில் இந்த இடைவெளி யாரையும் அதிகம் உறுத்தவில்லை.

நல்ல சம்பளம் என்பது நிரந்தரத்தோடு வந்தது. பர்மனென்ட் ஆனவருக்குப் பி.எஃப்., போனஸ், பணிக்கொடை உண்டு. அதைவிட முக்கியம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கமும் நிர்வாகமும் போடும் ஊதிய ஒப்பந்தம். தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின்படி தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் கையெழுத்தானதால், ‘12(3) போட்டாச்சா?’ என்ற கேள்வி ஆலை கேன்டீன்களில் அன்றாடப் பேச்சாயிற்று. பட்டம் இல்லாத டர்னரின் சம்பளத்தை உயர்த்தியதில் இந்த ஒப்பந்தங்களின் பங்கு பெரிது. சந்தை தானாகத் தந்த விலை அல்ல அது. 1981-ல் தமிழ்நாடு அரசு ஒரு படி மேலே போய், 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தனிச் சட்டமே இயற்றியது.

இதற்கிடையே தொழில் நகருக்கு வெளியே நகர்ந்தது. 1971-ல் மாநில அரசின் தொழில் மேம்பாட்டுக் கழகமான சிப்காட் தொடங்கப்பட்டது. அதன் வளாகங்களில் ஒன்று கும்மிடிப்பூண்டிக்கு வந்தது. 1979-ல் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் மின்ரயில் பாதை எட்டியது. திருவள்ளூர்ப் பக்கம் மண் அள்ளும் இயந்திரங்களும், 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸின் லான்சர் கார்களும் உருவாயின. கும்மிடிப்பூண்டியின் முகம் வேறு: பழைய இரும்பை உருக்கும் உலைகள், கம்பி உருட்டும் ரோலிங் மில்கள், ரசாயன ஆலைகள். அங்கே வெப்பமும் ஆபத்தும் அதிகம். வேலையும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக. உலையடியில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் நிறைந்தார்கள். 1990-களுக்குப் பின் பெரிய ஆலைகளிலும் பழகுநர், பயிற்சியாளர், கான்ட்ராக்ட் என்று பெயர் மாறிக்கொண்டே போனது, நிரந்தரம் வரவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு அருகே தேர்வாய்க்கண்டிகையில், சிப்காட் வளாகத்துக்காக மேய்ச்சல் நிலத்தை இழப்பதை எதிர்த்து ஊர்மக்கள் போராடினார்கள். அந்த வளாகத்தில்தான் மிஷெலின் டயர் ஆலை எழுந்தது. ஊர்மக்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் வேலைவாய்ப்பு. ஒரு ஊர் தன் நிலத்தைக் கொடுத்து வாங்கும் வேலை நிரந்தரமானதாக இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

இந்தச் சரிவிலும் விலை குறையாத தொழில்கள் உண்டு. அவற்றில் முதலிடம் கொதிகலன் வெல்டருக்கு. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களில் உயர் அழுத்த நீராவிக் குழாயை யார் வேண்டுமானாலும் பற்றவைத்துவிட முடியாது. 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்கும் ‘6ஜி’ முறை இந்தத் தொழிலின் கடினமான தேர்வு. முதல் அடுக்கை ஆர்கான் வாயு வெல்டிங்கில் போட்டு, மேல் அடுக்குகளை எலெக்ட்ரோடால் நிரப்புவார்கள், பிறகு எக்ஸ்ரே. உள்ளே காற்றுக்குமிழி அனுமதித்த அளவுக்கு மீறித் தெரிந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் செய்ய வேண்டும். கொதிகலன் விதிகளின்படி சான்று பெற்ற வெல்டர் அதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மின் நிலையம் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் ஷட்டவுன் நாட்களில் இவர்களுக்குத் தட்டுப்பாடு. வளைகுடாவும் சிங்கப்பூரும் இவர்களைத் தேடும். கொதிகலனை இயக்கச் சான்று பெற்றவர் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியால் பாய்லர் அட்டெண்டன்டுக்கும், அச்சு வார்ப்புக் கருவிகளைச் செதுக்கும் டூல் ரூம் தொழிலாளிக்கும் இதே நிலைமை. இவர்களின் பேரம்பேசும் பலம் எந்தச் சங்கத்திலிருந்தும் வரவில்லை. தேர்வு கடினம், தேறுபவர் குறைவு என்பதிலிருந்து வந்தது.

பயிற்சிப் பக்கமும் மாற்றங்கள் வந்தன: 2014-ல் பழகுநர் சட்டம் திருத்தப்பட்டது; 2019-ல் பழகுநர் உதவித்தொகை மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று உயர்ந்தது. தமிழ்நாடு அரசு டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் பணியைத் தொடங்கியது. ரோபோ, கணினி இயக்கும் லேத், மின்வாகனம் என்று பாடங்கள் வந்தன. அரசு ஐ.டி.ஐ. மாணவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவசப் பேருந்துப் பயணமும் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம்.