சார்ள்ஸ்டன்: பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், பிந்தி வந்த பெயர்கள்

ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், அத்திலாந்திக் கரையோரம் உள்ள பழைய துறைமுக நகரம் சார்ள்ஸ்டன். 1670இல் ஆங்கிலேயக் குடியேற்றமாகத் தொடங்கியது. வண்ணம் பூசிய பழைய வீடுகளையும், கல் பாவிய ஒழுங்கைகளையும், 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்களையும் பார்க்க உலகெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பதற்கு 1931இலேயே விதி வகுத்த நகரம் இது.

ஆனால் அந்த வீடுகளைக் கட்டியவர்களும், அவற்றுக்குச் செல்வம் சேர்த்த நெல் வயல்களில் உழைத்தவர்களும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுடைய நினைவுக்கு மிக அண்மைக் காலத்தில்தான் இந்நகரில் இடம் கிடைத்தது. அங்கு சென்றபோது நான் தேடிப் பார்த்த இடங்களைக் கீழே தருகிறேன்.

சம்டர் கோட்டை

துறைமுக வாயிலில் உள்ள சிறு தீவுக் கோட்டை. படகில்தான் போகலாம். 1861 ஏப்ரல் 12 அதிகாலை, பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் படை இக்கோட்டை மீது நடத்திய எறிகணைத் தாக்குதலோடு அமெரிக்க உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தனர். 1862 மே 13இல் ரொபர்ட் ஸ்மோல்ஸ் என்ற அடிமை மாலுமி, தென் படையின் 'பிளான்டர்' என்ற கப்பலைக் கைப்பற்றி, தன் குடும்பத்தினரையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு, இதே கோட்டையின் பீரங்கிகளைக் கடந்து தப்பினார். பின்னாளில் அவர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரானார்.

கட்ஸ்டன் இறங்குதுறை

வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களில் ஏறத்தாழ 40 வீதமானோர் சார்ள்ஸ்டன் துறைமுகம் வழியாக வந்ததாக வரலாற்றாய்வாளர்கள் கணிக்கிறார்கள். அவர்களில் பலர் கால் பதித்த இறங்குதுறை இருந்த இடத்தில், 2023 ஜூனில் சர்வதேச ஆபிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டடம் முழுவதும் தூண்களின் மேல் நிற்கிறது. கீழே உள்ள நிலம் நினைவிடமாகத் திறந்து விடப்பட்டிருக்கிறது. அங்கே ஆழமற்ற நீர்ப்பரப்பின் அடியில், அடிமைக் கப்பலில் அடுக்கப்பட்ட மனித உருவங்களின் கோட்டு வடிவங்கள் தெரிகின்றன.

என்னை அதிக நேரம் நிறுத்தியது அங்குள்ள குடும்ப வரலாற்று மையம். 1850, 1860 குடிசன மதிப்பீடுகளில் அடிமைகளின் விபரம் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்றுதான் பதியப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் முதன்முதலில் பதிவானது 1870இல்தான். அதற்கு முந்திய தங்கள் மூதாதையரைத் தேடி வருவோருக்கு இம்மையம் உதவுகிறது. காணாமற்போனவரின் பெயர் ஏதாவதொரு பட்டியலில் இருக்குமா என்று தேடி அலைந்த எவருக்கும் அந்த அறை அந்நியமாக இருக்காது.

பழைய அடிமைச் சந்தை

1856இல் நகரசபை வீதியோரப் பகிரங்க அடிமை ஏலத்தைத் தடை செய்தது. வியாபாரம் நிற்கவில்லை, உள்ளே நகர்ந்தது. சால்மர்ஸ் வீதியில் உள்ள இந்தக் கட்டடம் அப்படி வந்த ஏல இடங்களில் ஒன்று. இப்போது அருங்காட்சியகம்.

சிறிது தூரத்தில் உள்ள நகரச் சந்தையில் குல்லா இனப் பெண்கள் நாணல் போன்றதொரு புல்லைச் சுருள் சுருளாக வைத்து, பனைக் குடும்பத்தைச் சேர்ந்த மரமொன்றின் ஓலைக் கீற்றால் தைத்துப் பெட்டி இழைக்கிறார்கள். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த கைவினை அது. முன்பு வயல்களில் நெல் புடைக்கும் சுளகாகப் பயன்பட்டது. பெட்டியும் கடகமும் இழைத்த கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை உடனே புரியும்.

இமானுவேல் தேவாலயம்

இத்தேவாலய சபையைச் சேர்ந்த டென்மார்க் வெசி, 1822இல் அடிமைகளின் கிளர்ச்சியொன்றைத் திட்டமிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவரோடு சேர்த்து 35 பேர் தூக்கிலிடப்பட்டனர். தேவாலயமும் அழிக்கப்பட்டது. சபை மீண்டும் எழுந்தது. 2015 ஜூன் 17இல் வெள்ளை இனவாதி ஒருவன் இங்கு வேத வகுப்பில் இருந்த ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். தேவாலயம் நிற்கும் வீதியின் பெயர் கல்ஹூன். அடிமை முறையை நியாயப்படுத்திய முன்னாள் துணை ஜனாதிபதியின் பெயர் அது. அருகிலுள்ள சதுக்கத்தில் உயர்ந்து நின்ற அவரது சிலை 2020 ஜூனில் அகற்றப்பட்டது. வீதியின் பெயர் மாறவில்லை. அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக 2018இல் நகரசபை மன்னிப்புக் கோரியது. தீர்மானத்துக்கு ஆதரவாக 7 பேரும் எதிராக 5 பேரும் வாக்களித்தனர்.

ஹம்டன் பூங்கா

சுற்றுலாப் பேருந்துகள் அதிகம் வராத இடம். யுத்தத்தின் இறுதிக் காலத்தில் இங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலில் தென் படை வடக்குப் போர்க் கைதிகளை அடைத்து வைத்தது. நோயால் இறந்த 257 பேராவது பெயரின்றிப் புதைக்கப்பட்டனர். நகரம் விடுபட்ட பின், 1865 ஏப்ரலில், விடுதலை பெற்ற கறுப்பினத் தொழிலாளர்கள் அந்த உடல்களைத் தோண்டியெடுத்து வரிசையாக அடக்கம் செய்து, வேலி அடைத்து வெள்ளை பூசினார்கள். மே 1ஆம் திகதி ஏறத்தாழ 10,000 பேர் பூக்களோடு ஊர்வலமாக வந்தனர். முன்னே நடந்தவர்கள் பாடசாலைப் பிள்ளைகள்.

சில ஆண்டுகளில் வெள்ளையர் ஆட்சி மீண்டது. எச்சங்கள் வேறு மயானத்துக்கு மாற்றப்பட்டன. பூங்காவுக்குத் தென் படைத் தளபதி வேட் ஹம்டனின் பெயர் வைக்கப்பட்டது. அந்த ஊர்வலம் நகரின் பொது நினைவிலிருந்தே மறைந்தது. 1990களில் வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் பழைய ஆவணங்களில் அதைக் கண்டெடுத்தார். அமெரிக்கர்கள் மே மாதம் கடைப்பிடிக்கும் போர் நினைவு நாளின் மிக முந்திய வடிவங்களில் ஒன்றாக அது இன்று கருதப்படுகிறது.

பூங்காவில் இப்போது அந்நிகழ்வைக் கூறும் நினைவுப் பலகை உண்டு. 2014இல் நிறுவப்பட்ட டென்மார்க் வெசியின் சிலையும் உண்டு. ஆனால் சவக்குழி வெட்டி வேலி அடைத்த அந்தத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலை அங்கு நான் காணவில்லை. சார்ள்ஸ்டனுக்குப் போகிறவர்கள் கடைசி நாளில் ஒரு மணித்தியாலமாவது இந்தப் பூங்காவுக்கு ஒதுக்கி வையுங்கள்.